முறிந்ததும் முறித்ததும்

ஆரணியில் பட்டுத்தறி பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இருக்கிறது. கூடத்தில் குழி, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நெய்கிறவர், பக்கத்தில் தார் சுற்றும் பெண். அதனால் கண் வீங்கிய பெண்ணுக்கு இந்த ஊரில் ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது: "தறிக்குழியில கால் தவறி விழுந்துட்டேன்." வேறு ஊர்களில் அது குளியலறையாக, மாடிப்படியாக இருக்கும். இடம் மாறும், வினைச்சொல் மாறாது. தமிழ் இலக்கணம் நடத்துகிறவள் என்பதால் அந்த வினைச்சொல்லையே ஒரு பிரதியாக வாசிக்கப் பார்க்கிறேன்.

'முறிந்தது', 'முறித்தது' இரண்டுக்கும் ஒரெழுத்துதான் வேறுபாடு. மெல்லெழுத்து வல்லெழுத்தாகிறது, உடனே வாக்கியத்துக்குள் ஓர் ஆள் வந்துவிடுகிறார். 'எலும்பு முறிந்தது' என்றால் எலும்பே எழுவாய், தன்பாட்டில் முறிந்துகொண்டது. 'முறித்தார்' என்றால் யார் என்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வி எழாமல் இருக்கத்தான் நம் பேச்சு எத்தனை வழி வைத்திருக்கிறது! "கை நீட்டிட்டாரு" என்கிறோம். அதில் கை இருக்கிறது, மரியாதை விகுதிகூட இருக்கிறது, அடிபட்ட முகம் இல்லை. 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்ற பழமொழியிலும் இரண்டு வேலையும் கைக்குத்தான். கன்னத்துக்கு அங்கே பேச்சே கிடையாது.

நம் வெகுஜன சினிமாவும் இதே இலக்கணத்தில்தான் இயங்குகிறது. நாயகன் அறைந்த கன்னம் அடுத்த பாட்டுக்குள் பளபளப்பாகிவிடும். 2020இல் வந்த 'தப்பட்' என்ற இந்திப் படம் விருந்தில் விழுந்த ஓர் அறையைப் படம் முழுக்க நகரவிடாமல் பிடித்து வைத்தது. அதனால்தான் அது பலரைச் சங்கடப்படுத்தியது. அடியின் மூன்றாவது நாள், பத்தாவது நாள் நம் கதைகளில் அபூர்வம். உடம்புக்கோ அந்த நாள்கள்தான் கதை.

கன்னத்து எலும்பு முறிந்தால் கண்ணைச் சுற்றி இரத்தம் கசிந்து கன்றிப்போகும், இமை வீங்கும். வீக்கம் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். முதல் 48 மணி நேரம் துணியில் சுற்றிய ஐஸை, கண்ணை அழுத்தாமல், 10, 15 நிமிடம் விட்டுவிட்டு வைக்க வேண்டும். தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். மூக்கைச் சிந்தக் கூடாது, காற்று முறிவின் வழியே கண்ணைச் சுற்றிப் புகுந்துவிடும். முதல் நாளே தவிட்டு ஒத்தடம் கொடுப்பதும், அமுக்கி உருவி விடுவதும் வீக்கத்தைக் கூட்டும். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மறையும்.

இவையெல்லாம் நல்ல ஆலோசனைகள். ஆனால் வீட்டில் இவற்றின் நோக்கம் சட்டென்று திரிந்துவிடுகிறது. வலி குறைவதற்காக என்பது போய், 'நாலு பேர் பார்க்கறதுக்குள்ள வடியணும்' என்றாகிறது. வீக்கம் வடிந்தால் விஷயம் முடிந்தது என்று எல்லோரும் மூச்சு விடுகிறார்கள். மருத்துவம் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது: கன்ன எலும்பு உள்ளே அமுங்கியிருப்பதை வீக்கம் மறைத்து வைத்திருக்கும். வடிந்த பிறகுதான் ஒரு பக்கக் கன்னம் தட்டையாகத் தெரியும். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் பொதுவாக இரண்டு வாரத்துக்குள் செய்கிறார்கள். தாமதித்தால் எலும்பு கோணலாகவே கூடிவிடும். முகம் வெளியே காட்டத் தகுந்ததாகும்வரை காத்திருக்கும் பெண், சிகிச்சைக்கான அந்த நாள்களையே இழக்கிறாள். கன்னமும் மேலுதடும் மரத்துப்போனாலோ, வாய் திறக்க முடியாவிட்டாலோ, எல்லாம் இரண்டாகத் தெரிந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பார்வை மங்கினாலோ, கண் பிதுங்கிக் கடுமையாக வலித்தாலோ அது மணிக்கணக்கில் பார்வையே போகக்கூடிய ஆபத்து.

மருத்துவமனையில் இன்னொரு பிரதி காத்திருக்கிறது. அதன் பெயரே விபத்துப் பதிவேடு. அடிபட்டு வந்தவளும் விபத்தின் பெயரால்தான் அதில் ஏறுகிறாள். அங்கே 'விழுந்தேன்' என்றால் அதுவே எழுத்தில் நின்றுவிடும். 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் 320ஆம் பிரிவில் எலும்பு முறிவைக் கொடுங்காயம் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவும் அப்படியே சொல்கிறது. வேண்டுமென்றே அதை விளைவித்தவருக்கு 7 ஆண்டுவரை சிறை உண்டு. அடித்தவர் கணவர் என்பதால் எலும்பு வேறு எலும்பாகிவிடாது. ஆனால் இந்தச் சட்டம் முழுவதும் பிறவினையில் எழுதப்பட்டது. தன்வினையில் சொன்னால் அதன் காதில் விழாது.

அப்படியானால் பொய் சொன்ன பெண்தான் குற்றவாளியா? இல்லை. தறி அவர் பெயரில், நெசவுக் கூலிக் கணக்கு அவர் பெயரில். அவள் சுற்றிய தாருக்குத் தனிக் கணக்கு ஏது? சேலையிலேயே எழுவாயாக இல்லாதவளிடம், பதிவேட்டில் மட்டும் துணிந்து வாக்கியம் அமை என்று கேட்பது எளிது. 'விழுந்துட்டேன்' அவளுக்கு அன்றிரவு திரும்பிப் போக வேண்டிய வீட்டின் சாவி.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 சதவீதத்தினர் கணவரின் வன்முறையை அனுபவித்தவர்கள். கண்ணில் காயம், எலும்பு முறிவு என்று தனித்தனியாகவே அந்தக் கணக்கெடுப்பு கேட்கிறது. அரசின் வினாத்தாளுக்கு இருக்கும் துணிச்சல் நம் விசாரிப்புக்கு இல்லை. "ஐயோ, எப்படி விழுந்தே?" என்று நாமே வினைச்சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். அவளைத் தனியாக அழைத்து "என்ன நடந்தது?" என்று கேட்கலாம். 181 என்ற எண்ணைச் சொல்லலாம். 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார் என்றும், கணவர் வீட்டிலேயே குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்றும் சொல்லலாம். பிறகு, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டு, அவள் தன் வினைச்சொல்லைத் தானே தேர்ந்தெடுக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.