பெயரை மறைத்தவர்களும் பெயரைத் தேடியவர்களும்
நோர்தர்ன் சோல் இசைத்தட்டுச் சேகரிப்பு குறித்துச் சில குறிப்புகள்

1965ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரிலிருந்த மோடவுன் நிறுவனம் பிராங்க் வில்சன் என்ற இளைஞரின் பாடலொன்றை இசைத்தட்டாகப் பதித்தது. ‘டூ ஐ லவ் யூ (இன்டீட் ஐ டூ)’ என்பது அதன் பெயர். மாதிரிப் பிரதிகள் அச்சாகின. பின்னர் வெளியீடு கைவிடப்பட்டது, பிரதிகள் அழிக்கப்பட்டன. தப்பியவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில மாத்திரமே. அவற்றுள் ஒன்று 2009இல் 25,742 பவுணுக்கு விலைபோனது. 2020இல் ஒரு பிரதி கைமாறிய விலை ஓர் இலட்சம் பவுண். அதே பாடலை இன்று எவரும் கைத்தொலைபேசியில் காசு கொடுக்காமலே கேட்கலாம்.

அப்படியாயின் அந்த ஓர் இலட்சம் பவுண் எதற்காகக் கொடுக்கப்பட்டது? பாட்டுக்காக அல்ல என்பது தெளிவு. தட்டுக்காக என்றால், ஏழு அங்குல விட்டமுள்ள ஒரு பிளாஸ்டிக் வட்டத்துக்கு இத்தனை பெறுமதியை ஏற்றி வைத்தது யார்? இந்தக் கேள்வியினூடாகவே நோர்தர்ன் சோல் எனும் இசைச் சூழலையும், அதனைக் கட்டியெழுப்பிய டீஜேக்களையும் சேகரிப்பாளர்களையும் நான் அணுக விரும்புகிறேன். ஒரு படைப்பைக் கண்டெடுத்தவனுக்கும் அதனைப் படைத்தவனுக்கும் இடையிலுள்ள உறவு எத்தகையது என்பதே இங்கு அடிப்படைப் பிரச்சினை. தொகுப்பாளர், பதிப்பாளர், விமர்சகர் என எவரும் இதிலிருந்து விலகி நிற்க முடியாது.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகப் பார்ப்போம். அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து வடக்கின் தொழில் நகரங்களுக்கு இடம்பெயர்ந்த கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல் மரபும் நகர்ப்புறத் தாள இசையும் கலந்து உருவானதே சோல். மோட்டார் வாகனத் தொழிற்சாலையின் பொருத்து வரிசையில் வேலை செய்த பெரி கோர்டி 1959இல் மோடவுனைத் தொடங்கினார். அதன் வெற்றியைப் பார்த்து, டெட்ரொயிட்டிலும் சிக்காகோவிலும் பிலடெல்பியாவிலும் சிறு நிறுவனங்கள் பல முளைத்தன. அவை வெளியிட்ட தட்டுகளில் பெரும்பாலானவை விற்பனையாகவில்லை. வானொலி அவற்றைப் போடவில்லை. களஞ்சியங்களில் பெட்டி பெட்டியாகத் தேங்கின.

தோல்வியுற்ற அந்தத் தட்டுகளுக்கு மறுவாழ்வு கொடுத்தவர்கள் வட இங்கிலாந்தின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். மன்செஸ்டரின் ட்விஸ்டட் வீல் கிளப்பில் அறுபதுகளில் இது ஆரம்பித்தது. அறுபதுகளின் முடிவில் அமெரிக்காவில் சோல் இசை ஃபங்க் பக்கமாகத் திரும்பிவிட்டது. ஆனால் வட இங்கிலாந்து இளைஞர்களுக்கு 1960களின் நடுப்பகுதியின் அந்த வேகமான, நான்கு அடித் தாளமே வேண்டியிருந்தது. காற்பந்துப் போட்டிக்காக லண்டனுக்கு வரும் வடபகுதி ரசிகர்கள் டேவ் கோடினின் ‘சோல் சிற்றி’ கடையில் பழைய பாணித் தட்டுகளையே கேட்டு வாங்கினர். கடை ஊழியர்களுக்கு வசதியாக அவர் வைத்த பெயர்தான் ‘நோர்தர்ன் சோல்’. 1970இல் ‘புளூஸ் அன்ட் சோல்’ சஞ்சிகையில் தமது பத்தியில் அதனை எழுதியதும் அது ஒரு வகைமையின் பெயராயிற்று. பாடியவர்கள் எவரும் தாம் ‘நோர்தர்ன் சோல்’ பாடுவதாக அறிந்திருக்கவில்லை. ஒரு வகைமையை முழுக்க முழுக்கக் கேட்டவர்களே படைத்த அபூர்வமான சந்தர்ப்பம் இது.

ட்விஸ்டட் வீல் 1971இல் மூடப்பட்டது. ஸ்டோக்-ஒன்-ட்ரென்ட் பகுதியிலுள்ள டன்ஸ்டோலின் கோல்டன் டோர்ச் 1973இல் மூடப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பர் 23ஆம் திகதி விகன் கசினோ திறந்தது. 1981 டிசம்பர் வரை நீடித்தது. சனிக்கிழமை நள்ளிரவு தாண்டித் தொடங்கி மறுநாள் காலை எட்டு மணி வரை அங்கு ஆட்டம். மதுபானம் கிடையாது. தூக்கத்தை விரட்டும் குளிசைகள் இருந்தன என்பதையும் மறைப்பதற்கில்லை. அகன்ற காற்சட்டையும் தோற்சப்பாத்தும் அணிந்து, மாற்றுடையைப் பையில் கொண்டுவந்து, மரத்தளத்தில் பவுடர் தூவி ஆடினார்கள். கிழமை முழுவதும் தொழிற்சாலையில் நின்ற கால்கள் அவை.

இந்தச் சூழலில் டீஜேயின் பணி என்ன? இன்று நாம் அறிந்த டீஜேயைப் போல இரு தட்டுகளை ஒன்றோடொன்று கலந்து புதிய ஒலியை அவர் உண்டாக்கவில்லை. ஒரு தட்டு முடிய, ஒலிவாங்கியில் ஒரு சொல் பேசி, அடுத்ததைப் போடுவார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டரை நிமிடம். அவருடைய ஆற்றல் முழுவதும் தெரிவிலும் வரிசையிலுமே தங்கியிருந்தது. ஒரு நல்ல தொகுப்பாசிரியருக்கு வேண்டியதும் இவ்விரண்டும்தான். எந்தப் பாடலுக்குப் பின் எந்தப் பாடல் என்பதில் ஒரு வாசிப்பு இருந்தது. விகனில் ஒவ்வோர் இரவும் டோபி லெஜண்ட், ஜிம்மி ரட்கிளிஃப், டீன் பரிஷ் ஆகியோரின் மூன்று பாடல்களுடன் முடிவது வழக்கமாயிற்று. ‘எட்டுக்கு முந்திய மூன்று’ என்று அவற்றை அழைத்தார்கள். காலம் கடப்பது, இரவு முடிவது, வழி செல்வது என அவற்றின் தலைப்புகளே பிரிவின் வரிசையில் அமைந்திருப்பதைக் கவனிக்கலாம். வெவ்வேறு கலையகங்களில் பதிவான மூன்று தனிப் பாடல்களை ஒரே பிரதியாக்கியது அந்த வரிசைதான்.

விமர்சகரான டீஜேக்கு மேலே இன்னொரு விமர்சகர் இருந்தார். அது ஆடுதளம். புதிய தட்டொன்றைப் போட்டதும் தளம் வெறுமையானால் அந்தத் தட்டின் கதை அன்றோடு முடிந்தது. எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் அதனைக் காப்பாற்ற முடியாது. பல்கலைக்கழகமோ பத்திரிகையோ வானொலியோ தீர்மானிக்காத ஒரு தர நிர்ணயம், சாதாரண தொழிலாளரின் கால்களால் நிகழ்ந்தது என்பதே இந்த இயக்கத்தின் ஆகச்சிறந்த பண்பு என்பது எனது கருத்து.

ஆனால் இதே இடத்திலேயே நோயும் தொடங்குகிறது. கடந்துபோன ஒரு காலத்தின் தட்டுகளையே ஆட வேண்டுமெனில், ‘புதியது’ என்பதற்குப் பொருள் ‘இதுவரை கண்டெடுக்கப்படாதது’ என்றாகிறது. ஒருவரிடம் இல்லாத தட்டு மற்றவரிடம் இருந்தால் கூட்டம் அவரிடம் போகும். ஆகவே டீஜேக்கள் அமெரிக்காவுக்குச் சென்று பழைய களஞ்சியங்களைக் கிளறினார்கள். குளோரியா ஜோன்ஸ் 1964இல் பாடிய ‘டெய்ன்டட் லவ்’ 1965இல் ஒரு தட்டின் மறுபக்கப் பாடலாக வெளிவந்து கவனிப்பாரற்றுப் போனது. 1973இல் ரிச்சர்ட் சேர்லிங் அதனை அமெரிக்காவில் வாங்கி வந்து வட இங்கிலாந்தில் ஆடவைத்தார். 1981இல் சொஃப்ட் செல் குழு அதனை மீளப் பாடியபோது பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது. ஒரு தனி மனிதரின் செவி ஒரு பாடலின் விதியை மாற்றிய கதை இது. அதேவேளை உலகம் முழுதும் அறிந்தது இரண்டாவது குரலையே என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

போட்டி முற்றியபோது டீஜேக்கள் கையாண்ட உத்தி பெயர் மறைப்பு. தட்டின் நடுவிலுள்ள தாளின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, பாடகருக்கும் பாடலுக்கும் கற்பனைப் பெயர் சூட்டி அறிவித்தார்கள். இது அவர்கள் கண்டுபிடித்ததல்ல. ஐம்பதுகளில் ஜமைக்காவின் ஒலிபெருக்கிக் குழுக்கள் இதனைச் செய்தன. கொக்ஸன் டொட், வில்லிஸ் ஜக்சனின் ஒரு இசைத்தட்டின் பெயரைச் சுரண்டிவிட்டு ‘கொக்ஸன் ஹொப்’ எனத் தனது பெயரையே அதற்கு இட்டார். வட இங்கிலாந்தில் பிராங்க் வில்சனின் பாடல் எடி ஃபொஸ்டர் என்ற வேறொரு பாடகரின் பெயரில் ஒலித்தது. அதே பெயரில் கள்ளப் பிரதியும் வந்தது.

இதற்குச் சொல்லப்படும் நியாயத்தை ஒதுக்கிவிட முடியாது. பெயர் தெரிந்த மறுவாரமே எவரேனும் கள்ளத் தட்டு அச்சிட்டு விற்றுவிடுவார். பல நூறு மைல் பயணஞ்செய்து, உழைத்த காசைச் செலவிட்டுத் தேடியவரின் உழைப்பு ஒரே நாளில் பெறுமதியற்றுப் போகும். ஆகவே மறைப்பு ஒரு தற்காப்பு என்பார்கள். சரி. ஆனால் அந்தத் தற்காப்பின் விலையைச் செலுத்தியவர் யார்? ஆயிரக்கணக்கானோர் தன் குரலுக்கு ஆடுவதை அறியாமல் டெட்ரொயிட்டில் வேறு தொழில் பார்த்துக்கொண்டிருந்த பாடகரே. ஒருமுறை சந்தை அவரைக் கைவிட்டது. இரண்டாம் முறை, அவரை நேசித்தவர்களே அவர் பெயரின் மேல் தாளை ஒட்டினார்கள். முதலாவது அலட்சியம். இரண்டாவதை எப்படி அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பாராட்டு என்று மாத்திரம் அழைக்க மாட்டேன்.

வோல்ட்டர் பெஞ்ஜமின் 1930களில், இயந்திரமுறை மறுஉற்பத்தி கலைப்படைப்பின் ஒளிவட்டத்தைத் தேய்த்துவிடும் என்று வாதிட்டார். நோர்தர்ன் சோல் அந்த வாதத்தைத் தலைகீழாக்கியது. இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் அச்சாகக்கூடிய ஒரு பண்டம், விற்காமற் போனதாலேயே மூலப்பிரதியின் புனிதத்தைப் பெற்றது. மறுபதிப்பை மேடையில் போடுவது இன்றும் இச்சூழலில் இழுக்கு. அச்சு மூலத் தட்டுகள் மட்டுமே ஒலிக்கும் என அறிவித்து நடத்தப்படும் இரவுகள் உள்ளன. இங்கு அருமை என்பது தரத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒரு பாடல் கிடைக்காமற் போனதற்குக் காரணம் விநியோகம், பணம், இனப்பாகுபாடு, துரதிர்ஷ்டம் என எதுவாகவும் இருக்கலாம். பாடல் சுமாரானது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். கடைசிக் காரணத்தைச் சேகரிப்பாளர்கள் எளிதில் ஒப்புவதில்லை.

உள்ளிருந்தே இந்தத் தேக்கத்தை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். பிளக்பூல் மெக்காவின் டீஜேக்களான இயன் லெவினும் கொலின் கேர்ட்டிஸும் எழுபதுகளின் புதிய அமெரிக்கத் தட்டுகளைப் போடத் தொடங்கினர். பழமை விரும்பிகள் ‘லெவின் வெளியேற வேண்டும்’ எனப் பதாகை எழுதினார்கள். மரபா, நவீனமா என்ற சண்டை எந்தக் கலைக்கும் புதிதல்ல. உயிரோடிருக்கும் பாடகரின் இன்றைய குரலைக் கேட்க மறுத்து, அவருடைய பத்து வருடத்துக்கு முந்திய குரலை மாத்திரம் கொண்டாடுவது எத்தகைய அன்பு என்பதே அச்சண்டையின் உள்ளார்ந்த வினா.

இனம் பற்றிய கேள்வியையும் தவிர்க்கலாகாது. நெஷனல் ஃப்ரண்ட் போன்ற இனவாத அமைப்பு பிரித்தானியத் தெருக்களில் வலுப்பெற்ற அதே தசாப்தத்தில், பெரும்பாலும் வெள்ளையரான தொழிலாளர் இளைஞர்கள் கறுப்பினப் பாடகர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடியது சிறிய விடயமல்ல. அவர்களின் சின்னம் கறுப்பு அதிகார இயக்கத்திலிருந்து வந்த இறுகிய முட்டி. ஆனால் பையிலும் மேலாடையிலும் தைக்கப்பட்ட அந்த முட்டி, காலப்போக்கில் அதன் அரசியலை இழந்து ஒரு கழகச் சின்னமாகிவிட்டது. ஒரு மக்களின் இசையை நேசிப்பதும் அம்மக்களின் வாழ்வை அறிவதும் ஒன்றல்ல.

இதனைப் பதிவுசெய்த இரு திரைப் பிரதிகளிலும் இக்குறை உண்டு. டோனி பாமர் 1977இல் கிரனாடா தொலைக்காட்சிக்காக எடுத்த ஆவணப்படம் விகனின் ஆட்டத்தை ஆலைகளினதும் சுரங்கங்களினதும் வரலாற்றோடு இணைக்கிறது. வர்க்கத்தை அது நன்கு காண்கிறது. எலேய்ன் கொன்ஸ்டன்டைனின் ‘நோர்தர்ன் சோல்’ (2014) வியர்வையையும் நட்பையும், அமெரிக்கா சென்று எவரிடமுமில்லாத தட்டைக் கண்டெடுக்கும் ஆசையையும் உண்மையாகக் காட்டுகிறது. எனினும் இரண்டிலும் பாடகர் தட்டிலிருந்து எழும் குரலாகவே இருக்கிறார், மனிதராக வருவதில்லை. தளத்தில் ஆண்களுக்கு நிகராக ஆடிய பெண்கள், தட்டுப் பெட்டியோடு மேடையேறியது மிக அரிது என்பதும் போதிய அளவு பேசப்படவில்லை.

வேறு வழி சாத்தியமாகவே இருந்தது. மேஜர் லான்ஸ் டோர்ச் கிளப்புக்கு நேரில் வந்து பாடினார். அது இசைத்தட்டாகவும் வெளிவந்தது. 1982இல் லண்டனில் தொடங்கிய கென்ட் வெளியீட்டகம், அமெரிக்க நிறுவனங்களின் உரிமத்தை முறையாகப் பெற்று, பாடகரின் பெயர், படம், வரலாற்றுக் குறிப்புகளுடன் அரிய பாடல்களைத் தொகுத்து வெளியிட்டது. அச்சேறாத ஒலிநாடாக்களையும் தேடி எடுத்தது. சேகரிப்பு எங்கே விமர்சனமாகவும் வரலாறாகவும் உயர்கிறது என்பதற்கு அத்தொகுப்புகளே எனது உதாரணம். மூலத் தட்டை வைத்திருப்பவர் பெருமைப்படலாம். தொகுப்பை வெளியிட்டவருக்கே பாடகர் கடமைப்பட்டிருக்கிறார்.

பிராங்க் வில்சன் பின்னர் மோடவுனின் தயாரிப்பாளர்களுள் முக்கியமானவரானார். எழுபதுகளின் நடுப்பகுதியில் நிறுவனத்தை விட்டு விலகி மதபோதகரானார். 1979இல் அவருடைய பாடல் அவருடைய சொந்தப் பெயரிலேயே பிரித்தானியாவில் முறையாக வெளிவந்தது. பதிவாகி 14 வருடங்களுக்குப் பின்னர். அவர் 2012இல் காலமானார். ஓர் இலட்சம் பவுண் கைமாறியது அதற்கும் எட்டு வருடங்கள் கழித்து. ஒரு பழைய தட்டு கைமாறும்போது அதனைப் பாடியவருக்கு எதுவும் போய்ச் சேர்வதில்லை.

டீஜேக்களையும் சேகரிப்பாளர்களையும் குறைத்து மதிப்பிடுவது எனது நோக்கமன்று. அவர்கள் இல்லையேல் இப்பாடல்களில் பல களஞ்சியத்திலேயே உருகிப் போயிருக்கும். ஆனால் கண்டெடுத்தவர் என்ற பெருமை, யாருடையதைக் கண்டெடுத்தோம் என்று உரத்துச் சொல்லும்போதுதான் முழுமையடைகிறது. இன்று அத்தகைய ஓர் இரவில் டீஜே ஒருவர் தட்டைப் போடுமுன் பாடகரின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் சரியாகச் சொல்வாரானால், அந்தத் தட்டை அவர் எவ்வளவுக்கு வாங்கினார் என்று எவரும் கேட்கத் தேவையில்லை.