மூலப்படைப்பும் அதைச் சூழும் சொல்லும்

நவீன ஓவியத்தையும் ஒளிப்படக் கலையையும் அருங்காட்சியகங்கள், கலைக்கூடங்கள் வழியே அறிந்துகொள்ளும் வழக்கம் தமிழகத்தின் உள்மாவட்டங்களில் இன்னும் வேரூன்றவில்லை. சூரமங்கலத்திலுள்ள சேலம் சந்திப்பில் ரயிலேறுபவர், சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைக் காண 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னைக்குச் செல்ல வேண்டும்; 2009இல் பெங்களூரில் திறக்கப்பட்ட தேசிய நவீனக் கலைக்கூடம் அவருக்கு அதைவிட அருகிலிருக்கிறது. ஆயினும் சேலத்தை நவீனத்துவத்துக்கு அந்நியமான ஊர் என்று கொள்வதற்கில்லை; கவிஞர் சி. மணியின் முயற்சியில் 'நடை' என்னும் சிற்றேடு 1968இல் இங்கிருந்துதான் வெளிவந்தது. பின்னர் 'கசடதபற' போன்ற ஏடுகளிலும், கி. ராஜநாராயணனின் எழுத்துகளுக்கு வரைந்த படங்களிலும் ஓவியர் கே.எம். ஆதிமூலத்தின் கோடுகளைக் கண்ட தமிழ் வாசகர், கலைக்கூடத்துக்குள் காலடி வைக்காமலே நவீன ஓவியத்தோடு பழகிவிட்டார். கலைக்கூடம் தருவது என்ன, தரத் தவறுவது என்ன என்பதை இந்த அச்சுவழிப் பழக்கத்தோடு ஒப்பிட்டே மதிப்பிட வேண்டும்.

அச்சு தர முடியாதவற்றுள் முதன்மையானவை அளவும் பரப்பும். சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்தவரும், 1966இல் சோழமண்டலம் உருவாகக் காரணமானவருமான கே.சி.எஸ். பணிக்கர், 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில், சாதகக் கட்டங்களையும் எண்களையும் எழுத்துப் போன்ற கிறுக்கல்களையும் நிரப்பினார். அச்சில் கையளவாகச் சுருங்கும்போது அவ்வரிசை ஓவியம் படித்தறிய வேண்டிய ஏடாகத் தோற்றமளித்து, பார்வையாளரை வாசிக்கத் தூண்டி ஏமாற்றுகிறது. மூலத்தின் முன் நிற்பவருக்கோ அந்த எழுத்துகள் வண்ணத்தின் தடிப்பாகவும் தூரிகையின் அழுத்தமாகவும் மாறி, வாசிப்பைக் கைவிட்டுப் பார்க்கத் தொடங்கும் தருணம் வாய்க்கிறது. பி.வி. ஜானகிராமின் செப்புத் தகட்டுச் சிற்பங்களில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையானது. முன்பக்கத்திலிருந்து காண்பதற்கென்றே அமைந்த அவ்வுருவங்களைப் பக்கவாட்டில் நகர்ந்து நோக்கும்போதுதான், கோயில் கவசங்களை நினைவூட்டும் அந்தக் கம்பீரம் எவ்வளவு மெல்லிய தகட்டில் நிற்கிறது என்பது புலப்படும். இந்த அறிதலுக்கு உடல் அங்கே இருந்தாக வேண்டும்.

படியெடுக்கப்படுவதற்கென்றே பிறந்த ஒளிப்படத்துக்குக் கலைக்கூடம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. ஒளிப்படக் கலைஞர் லின்னேயஸ் ட்ரைப் 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் படம்பிடித்து, 21 படிகளை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே காட்சியாக அமைத்தது இதற்கு விடை தருகிறது. கைப்பேசித் திரையில் ஒரு நூலிழையாகிவிடும் அப்படத்தை, கோயிலைச் சுற்றுவது போல நடந்தே பார்க்க வேண்டும். ஆனால் பழைய ஒளிப்படத் தாள் வெளிச்சத்தில் மங்கிவிடும் இயல்புடையதால், அருங்காட்சியகங்கள் அதை மங்கிய ஒளியில், குறுகிய காலம் மட்டுமே காட்டி, மற்ற நாட்களில் பெட்டகத்தில் வைக்கின்றன. பாதுகாப்பின் பொருட்டுத் தவிர்க்க இயலாத இக்கட்டுப்பாடு, காண்பதை அரிய வாய்ப்பாக்கிவிடுகிறது.

தொலைவையும் அரிதான காட்சியையும் விடப் பெரிய குறை சொல்லின்மையே. படைப்பைச் சுற்றிலும் வெறுமையை விட்டு வெள்ளைச் சுவரில் தனித்து மாட்டும் முறை, கவனம் சிதறாமல் காண உதவுகிறது; அதேவேளையில் அப்படைப்பு எந்த விவாதத்திலிருந்து, எந்தப் பட்டறையிலிருந்து எழுந்தது என்பதை அழித்தும் விடுகிறது. பெயர், ஆண்டு, ஊடகம் என்று ஆங்கிலத்தில் மட்டும் நிற்கும் குறிப்புச்சீட்டைக் கண்ட தமிழ்ப் பார்வையாளர், தமக்குப் புரியாததைத் தம் தகுதிக்குறைவாகக் கருதித் திரும்பிவிடுகிறார். இது அவர் தவறன்று. விளக்கம் பார்வையைக் கட்டுப்படுத்திவிடும் என்று கூறப்படும் மறுப்பில் ஓரளவு உண்மையுண்டு என்றாலும், பணிக்கரின் எழுத்துகள் படிப்பதற்குரியவை அல்ல என்று ஒரு வரி தமிழில் சொல்வது, கண்ணைக் கட்டுப்படுத்துவதற்கு மாறாக விடுவிக்கவே செய்யும். சிற்றேடுகளிடம் சொல் இருந்தது, மூலம் இல்லை; கலைக்கூடங்களிடம் மூலம் இருக்கிறது, சொல் இல்லை. இவ்விரு மரபுகளும் ஒரே நண்பர் வட்டத்தில் வளர்ந்தும், கலைக்கூடச் சுவரில் சந்திக்காமல் போனது வருந்தத்தக்க இழப்பு.

வெளியிடங்களில் காட்டுவது ஒரு மாற்று. தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959 முதல் மெரினாவில் நுழைவுச்சீட்டின்றி நிற்கிறது. 2016இல் தொடங்கிய, ஈராண்டுக்கொரு முறை என்று திட்டமிடப்பட்ட சென்னை ஒளிப்படக் கண்காட்சி, ஒளிப்படங்களைப் பொது இடங்களுக்குக் கொண்டுவந்தது. அங்கே வெயிலும் இரைச்சலும் குறுக்கிடும், நுண்ணிய அச்சுத்தரத்தை எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் ஒளிப்படத்தின் புதிய படிகள் பயணத்துக்கு அஞ்சாதவை. எனவே சேலம் போன்ற மாவட்டத் தலைநகரின் அரசு அருங்காட்சியகம், பழம்பொருள்களுக்கு நடுவே ஒரு கூடத்தை ஒதுக்கி, தமிழ் விளக்கங்களோடு கூடிய ஒளிப்படக் காட்சிகளிலிருந்து தொடங்குவதே நடைமுறைக்கு ஏற்றது. காப்பீடும் தனிச் சுமைப்பெட்டியும் வேண்டிநிற்கும் ஜானகிராமின் செப்புத் தகடு, அக்கூடத்துக்குப் பார்வையாளர் சேர்ந்த பிறகு வரலாம்.