சித்திரையில் போட்டு வைத்தது

கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் கரிசல் காட்டில் ஐப்பசி மழை விழுந்துவிட்டால் விதைப்பு, களையெடுப்பு என்று ஓய்வே இராது. அடுப்படியில் நிற்க ஏது நேரம்? அந்த நாட்களுக்கான சமையல் சித்திரை வெயிலிலேயே பாதி முடிந்திருக்கும். மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட மோரில் இரவெல்லாம் ஊறவிட்டு, பகலில் எடுத்துக் காயவைப்பார்கள். பொழுது சாய்ந்ததும் அதே மோருக்குள் திரும்பப் போடுவார்கள். மோர் முழுக்க வற்றி, மிளகாய் சலசலக்கும்வரை இதே வேலைதான். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு. உப்பும் வெயிலும் சேர்ந்து ஈரத்தை வாங்கிவிட்ட பிறகு கிருமிக்கு அங்கே பிழைப்பில்லை.

இப்போது சென்னையில் வேலைபார்க்கும் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையே குழம்பு வைத்து, ஆறவிட்டு, வேளைக்கு ஒரு டப்பாவாக ஃப்ரீசரில் அடுக்குகிறார்கள். மைனஸ் 18 டிகிரியில் கிருமி பெருகாது. உருளைக்கிழங்கை மட்டும் சூடாக்கும்போது சேர்ப்பது நல்லது. உறைந்து இளகினால் அதன் பதம் கெட்டுவிடும். அலுத்து வந்த இரவில் அந்தக் குழம்பு கொதிக்க, ஊரிலிருந்து வந்த மோர் மிளகாய் பக்கத்து அடுப்பில் கருஞ்சிவப்பாகப் பொரிந்தால், சோறு ஒரு கரண்டி கூடவே இறங்கும்.