லுபான் வாசம்

சலாலாவுக்கு எல்லோரும் மழை பார்க்கத்தான் போகிறார்கள். ஓமானின் தெற்குக் கோடியில், தோஃபார் கடற்கரையில் இருக்கிற ஊர். ஜூன் பிற்பாதியில் 'கரீஃப்' தூறல் இறங்கிவிட்டால் மலை முழுக்கப் பச்சை. சாலையோரத்தில் இளநீர்க் கடைகள், வாழைக் குலைகள். நான் போனது அதற்கு முன்னால், மே மாதத்தில். மரம் பார்க்க!

குந்திரிக்க மரம். அதன் பிசினை அங்கே லுபான் என்கிறார்கள். சலாலாவுக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில், இந்த மரங்கள் நிற்கும் வாதி தவ்கா. கரீஃப் காலத்திலும் மலையைத் தாண்டியதும் பச்சை சட்டென்று அறுந்துவிடும், வெறும் கல்லும் வெயிலும்தான். மழை மேகம் மலைக்கு அந்தப் பக்கமே தங்கிவிடும். அந்த வறட்சியில்தான் இந்த மரம் செழிக்கிறது. அடியிலேயே பல கிளையாகப் பிரிந்து, காகிதம் போலப் பட்டை உரிந்து நின்றது.

அங்கே வேலையாக இருந்த பெரியவர் 'மன்கஃப்' என்ற சின்னக் கருவியால் பட்டையைக் கட்டைவிரல் அகலத்துக்குச் சீவினார். உடனே பால் துளிர்த்தது, முத்து முத்தாக! தொட்டேன், பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. எலுமிச்சைத் தோலையும் மிளகையும் சேர்த்து நசுக்கியது போன்ற வாசம். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோதும் விரலை விட்டுப் போகவில்லை. முதல் சீவலில் வருவதை யாரும் மதிப்பதில்லையாம். சில வாரம் விட்டு, அதே இடத்தை மறுபடி சீவி எடுப்பதுதான் நல்ல சரக்கு.

சந்தையில் 'ஹோஜரி' ரகத்தைக் கையில் கொடுத்தார்கள். இளம்பச்சை ஓடிய கற்கண்டு போல இருந்தது. ஒரு துண்டைத் தணலில் போட்டதும் கடை முழுக்க மணந்தது. இத்தனை வருஷம் நான் முகர்ந்த எந்தச் சாம்பிராணியும் இதன் பக்கத்தில் நிற்காது.

மறுநாள் கோர் ரோரி. லுபான் கப்பலேறிய பழைய சும்ஹுரம் துறைமுகம் அங்கேதான். அந்த இடிபாடுகளில் கிடைத்த ஒரு பானை ஓட்டில் 'ணந்தை கீரன்' என்று தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. மதிலோரம் நின்று கடலைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. நம் கீரனும் இந்த வாசத்தை முகர்ந்திருப்பான்!

யுனெஸ்கோ 2000-லேயே இந்த இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. சலாலா போகிறவர்களே, மழையோடு திரும்பிவிடாதீர்கள். அரை நாள் ஒதுக்கி அந்த மரத்தடியில் போய் நில்லுங்கள்.