இரண்டாயிரம் வாட் பெட்டி

இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டது நாவலோ சினிமாவோ அல்ல. ஓர் அட்டைப்பெட்டி. கார் ஆம்ப்ளிஃபயர் வந்த பெட்டி. கறுப்பும் சிவப்புமாகப் பளபளக்கிறது. மூலையில் ஒரு மின்னல். நடுவே கொட்டை எழுத்தில் ‘2000 வாட்ஸ்’. அதன் காலடியில், பூதக்கண்ணாடி கேட்கும் சைஸில், ‘மேக்ஸ்’ என்று ஒரு குட்டி வார்த்தை. சமகாலச் சிறுகதைகள் பலவற்றில் கிடைக்காத திருப்பம் அந்தக் குட்டி வார்த்தையில் இருக்கிறது.

பெட்டியைக் கொண்டுவந்தவர் டூரிஸ்ட் வேன் ஓட்டும் இளைஞர். கொடைக்கானல், சபரிமலை என்று பார்ட்டி ஏற்றிப் போகிறவர். வேனில் பாட்டு ‘கும்’மென்று இருக்க வேண்டும். ‘செட்டு நல்லா இல்லேன்னா அடுத்த ட்ரிப்புக்கு வேற வண்டி பாத்துடுவாங்க சார்’ என்றார். அதற்காக 12 அங்குல சப்வூஃபர் ஒன்று போட்டார். நாலு மாதத்தில் ஊமையாகிவிட்டது. கடைக்காரர், ‘ஸ்பீக்கர் தாங்கல தம்பி, கொஞ்சம் ஹெவியா போடு’ என்று இன்னொன்றை மாட்டினார். அது ஆறு வாரம். இரண்டுக்கும் கொடுத்த காசு வேனின் ஒரு மாதத் தவணை. மூன்றாவது வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

முதலில் அந்த 2000-த்தைப் பார்ப்போம். பெட்டி பொய் சொல்லலாம், ஃப்யூஸ் சொல்லாது. ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டில் 30 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று செருகியிருந்தது. எஞ்சின் ஓடும்போது வண்டியில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். இரண்டையும் பெருக்குங்கள். 432 வாட். தொடர்ந்து உள்ளே போவதே அவ்வளவுதான். அதிலும் ஒரு பங்கு ஆம்ப்ளிஃபயர் தன்னையே சூடாக்கிக்கொள்ளச் செலவழிக்கும். பழைய ‘கிளாஸ் ஏபி’ வகை என்றால் பாதிக்குக் கொஞ்சம் மேலே வெளியே வரும். ‘கிளாஸ் டி’ என்றால் ஏறக்குறைய முக்கால் பங்கு தேறும். இந்தக் கருவி நியாயமாகத் தரக்கூடியது 300 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். மிச்சம் 1700 அட்டைப்பெட்டியில்தான் இருக்கிறது.

தொண்ணூறுகளில் டேப்ரெகார்டர் வாங்கியவர்களுக்கு ‘பிஎம்பிஓ’ ஞாபகமிருக்கும். கையடக்கப் பெட்டியில் ஆயிரம் வாட் என்று எழுதியிருப்பார்கள். அதே பேய்தான் வேறு பெயரில் வண்டி ஏறியிருக்கிறது. ஆர்எம்எஸ் என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். அமெரிக்காவில் 2003-ல் இதற்கென்று சிஇஏ-2006 என்று ஒரு தரநிர்ணயம் வந்தது. 14.4 வோல்ட், 4 ஓம், சிதைவு ஒரு சதவிகிதத்துக்குள் இருக்கும்போது எவ்வளவு வாட் என்று சொல்லச் சொன்னது. நல்ல விஷயம். இஷ்டப்பட்டவர்கள் பின்பற்றலாம் என்பதுதான் அதில் இருக்கும் ஓட்டை.

இப்போது செத்த ஸ்பீக்கர். ரைஸ், கெல்லாக் என்று இருவர் 1925-ல் எழுதிய கட்டுரையில் இருக்கும் ஸ்பீக்கருக்கும் இதற்கும் அடிப்படையில் வித்தியாசமில்லை. காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய கூம்பு. உள்ளே போகும் மின்சாரத்தில் சத்தமாக மாறுவது ஒரு சதவிகிதம் இருந்தாலே அதிகம். மற்றதெல்லாம் சூடு. ஈயப்பற்று வைக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். காயிலுக்குள் 300 வாட் போகிறது என்றால் டஜன் சால்டரிங் அயர்னைச் சேர்த்துச் செருகிய மாதிரி. கம்பியின் வார்னிஷும் பசையும் எவ்வளவு நேரம் தாங்கும்?

பிரேதப் பரிசோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். முதலில் மூக்கு. கூம்பின் அருகே முகர்ந்து பாருங்கள். கருகிய வார்னிஷ் வாடையை ஒருதடவை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். அடுத்து விரல். கூம்பைச் சுற்றிச் சமமாக விரல்களை வைத்து மெதுவாக அழுத்தி விடவேண்டும். ஒருபக்கமாக அழுத்தினால் நீங்களே கெடுத்துவிடுவீர்கள். வழுக்கிக்கொண்டு போய்வந்தால் சரி. சரக் சரக்கென்று உரசினால் காயில் சூட்டில் உப்பியோ கோணியோ போய்விட்டது. மூன்றாவது, ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்ட்டிமீட்டர். ஒயர்களைக் கழற்றிவிட்டு ஓம் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மூன்று சொச்சம் காட்டும். அது நார்மல், பயப்படாதீர்கள். ஒன்றுக்கும் கீழே இறங்கினால் காயில் உள்ளுக்குள் ஷார்ட். அதை மறுபடி மாட்டினால் ஆம்ப்ளிஃபயரும் கூடவே போகும். ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. இரட்டைக் காயில் ஸ்பீக்கர் என்றால் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். ஒன்று செத்து ஒன்று உயிரோடிருந்தால் ஈனஸ்வரத்தில் பாடிக்கொண்டிருக்கும்.

இளைஞரின் இரண்டாவது ஸ்பீக்கர், கருகல் வாடை, மீட்டரில் ஓபன். வெந்து செத்தது. முதலாவது? ‘வீட்ல பரண்ல கிடக்கு சார்.’ எடுத்துவரச் சொன்னேன். வாடை இல்லை. உரசல் இல்லை. மீட்டரில் மட்டும் ஒன்றும் காட்டவில்லை. கூம்புக்குப் பின்னால், டெர்மினலிலிருந்து காயிலுக்குப் போகும் பின்னிய ஒயர் ஆடி ஆடி அறுந்திருந்தது. காயில் நன்றாகவே இருந்தது. கடையில் யாரும் திருப்பிக்கூடப் பார்க்காமல் புதுசு விற்றிருக்கிறார்கள்.

இரண்டு மரணத்துக்கும் குற்றவாளி ஒருவரே. ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் ‘கெயின்’ என்று ஒரு திருகு. கடைசிவரை திருகி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்திலேயே ‘பேஸ் பூஸ்ட்’, அதுவும் முழுசாக 12 டெசிபல். கெயினை எல்லோரும் வால்யூம் என்றே நினைக்கிறார்கள். இல்லை. முன்னால் இருக்கும் பிளேயர் அனுப்பும் சிக்னலின் உயரத்தை ஆம்ப்ளிஃபயருக்குச் சொல்லும் அறிமுகம்தான் அது. பிளேயர் 2 வோல்ட் அனுப்பலாம், 4 வோல்ட் அனுப்பலாம். கெயினைக் கடைசிக்குத் திருகினால், ‘0.2 வோல்ட் வந்தாலே உன் முழு பலத்தையும் காட்டு’ என்று அர்த்தம். வருவதோ 4. ஆம்ப்ளிஃபயர் தன் உச்சத்துக்கு மேலே போக முடியாமல் அலையின் தலையையும் அடியையும் வெட்டித் தட்டையாக்கிவிடும். கிளிப்பிங். அதே உச்ச உயரமுள்ள வளைவான அலையைவிட முழுக்கச் சதுரமான அலையில் சக்தி இரண்டு மடங்கு. 300 வாட் கருவி 600 வாட் சூட்டைத் தள்ளும். 12 டெசிபல் பூஸ்ட் என்பதோ அந்த ஸ்வரத்துக்குப் பதினாறு மடங்கு சக்தி கேட்பது. ‘சின்ன ஆம்ப் ஸ்பீக்கரைக் கொல்லும், பெரிசு போடு’ என்று கடைகளில் சொல்வது இந்த அரை உண்மையை வைத்துத்தான். கொல்வது சின்ன ஆம்ப்ளிஃபயர் அல்ல, கடைசிவரை திருகிய கெயின்.

கூட வந்த கையேட்டையும் படித்தேன். ஆறு பாஷையில் இருக்கிறது. மழையில் நனைக்காதே என்பதை அரைப்பக்கம் எச்சரிக்கிறது. கெயினைப் பற்றி ஒரே வரி: தேவைக்கேற்பச் சரிசெய்க. இதென்ன, ரசத்துக்கு உப்பா?

எழுதியிருக்க வேண்டியது இதுதான். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றுங்கள். பேஸ் பூஸ்ட் பூஜ்யம், ஈக்வலைசர் நேர்கோடு, லவுட்னஸ் ஆஃப். கெயின் அடிமட்டத்தில். பிளேயர் வால்யூமை முக்கால் அளவுக்கு வைத்து, 50 ஹெர்ட்ஸ் ஒற்றை ஸ்வரத்தை ஓடவிடுங்கள். ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் மல்ட்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். நம் வீட்டுக் கரண்டே 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவு மீட்டருக்கும் இது பழகிய அலைவரிசைதான். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 300 பெருக்கல் 4, 1200. வர்க்கமூலம் 34.6. மீட்டர் அந்த எண்ணைத் தொடும்வரை கெயினை மெதுவாக ஏற்றி, நிறுத்துங்கள். 300 என்பது ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் இரண்டின் ஆர்எம்எஸ்ஸில் எது குறைச்சலோ அது. பெட்டியை நம்பி 2000 போட்டுக் கணக்கிட்டால் 89 வோல்ட் வரும். அதைத் தொட இந்தக் கருவியால் ஏழு ஜென்மத்துக்கும் ஆகாது. திருகு மறுபடி கடைசிக்கே போய் நிற்கும். அலை வெட்டுப்படுகிறதா என்பதை மீட்டர் காட்டாது, ஆஸிலாஸ்கோப்தான் காட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேனுக்கு இது போதும்.

இப்படிச் செட் பண்ணியதும் இளைஞர் சொன்ன முதல் வாக்கியம், ‘சவுண்டு கம்மியாயிடுச்சே சார்.’ ஆகத்தான் செய்யும். ஆனால் சக்தியைப் பாதியாக்கினால் குறைவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு என்று தோன்றப் பத்து மடங்கு வாட் வேண்டும். அதற்குப் பதிலாக என்ன கிடைத்தது என்று கேட்கச் சொன்னேன். எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஒன்று போட்டார். அவர் பாடல்களில் பேஸ் கிடார் தாளத்துக்குத் துணை போவதோடு நிற்காது. கீழே தனியாக ஒரு மெட்டு நடத்திக்கொண்டிருக்கும். இத்தனை நாள் வேனில் அது வெறும் ‘டொம் டொம்’. இப்போது ஸ்வரம் ஸ்வரமாக இறங்கி ஏறியது. ‘இது முன்னாடியே பாட்டுல இருந்துச்சா?’ என்றார்.

ஓடிக்கொண்டிருந்தது பரணிலிருந்து வந்த பழைய ஸ்பீக்கர். அறுந்த இடத்தில் பற்றவைத்ததுதான் செலவு. அதிலும் ஒரு விஷயம்: அங்கே பின்னிய மெல்லிய ஒயர்தான் போடவேண்டும். சாதாரண ஒயர் போட்டால் கூம்பு ஆடும் ஆட்டத்தில் சீக்கிரமே ஒடிந்துவிடும்.