புள்ளிராஜாவின் இரண்டாவது டெஸ்ட்

2003 வாக்கில் சென்னையில் இருந்தவர்களுக்கு அந்தக் கேள்வி மறந்திருக்காது: "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" எங்க ஏரியாவில், ராஜான்னு பேர் வச்ச பாவத்துக்கு எத்தனையோ பேர் கிண்டலுக்கு ஆளானாங்க. இருபது வருஷம் கழித்து அந்த விளம்பரத்தை விமர்சிக்க உட்கார்ந்தது, எங்க தெருப் பையன் ஒருத்தன் கையில இருந்த ஒரு சீட்டைப் பார்த்த பிறகுதான்.

முதலில் விளம்பரத்தின் கதை. பாப்புலேஷன் சர்வீசஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு, அமெரிக்க அரசின் நிதியுதவியோட, இந்தியாவின் 12 துறைமுகப் பகுதிகளில் 'ஆபரேஷன் லைட்ஹவுஸ்' என்ற திட்டத்தை நடத்தியது. மும்பையில் 'பல்பீர் பாஷா', நம்ம ஊரில் 'புள்ளிராஜா'. ஹார்பரை நம்பிப் பிழைக்கிற ராயபுரம், காசிமேடு, எண்ணூர் ஆட்களை மனசுல வச்சு எழுதின கேள்வின்னே சொல்லலாம். மண்டையோட்டைக் காட்டிப் பயமுறுத்தாமல், டீக்கடையில் ஆம்பளைங்களைப் பேச வைத்தது. அது பெரிய விஷயம், மறுக்கவில்லை.

ஆனா கேள்வியைத் திரும்பப் படித்துப் பாருங்க. 'வருமா' என்பது இனிமேல் நடக்கப்போவதைப் பற்றியது. ஏற்கனவே வந்திருக்கா, அதை எப்படித் தெரிஞ்சுக்கறதுன்னு அது கேட்கலை. 'எய்ட்ஸ்' என்பதும் சிக்கல். உடம்பில் இருப்பது எச்.ஐ.வி. கிருமி, எய்ட்ஸ் அது முற்றிய நிலை. திட்டத்துக்குப் பின்னால் ஆலோசனை ஏற்பாடுகள் இருந்தன, ஆனா ஊர் மனசில் தங்கியது அந்த ஒரு வரிதான். வரும், இல்லேன்னா வராது. நடுவுல ஒரு நிலை இருக்குன்னு யாருக்கும் பதியலை.

அந்த நடு நிலையில்தான் எங்க தெருப் பையன் மாட்டினான். வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கலுக்கு முன்னாடி, எதுக்கும் பார்த்துடலாம்னு ஒரு தனியார் லேபில் ரத்தம் கொடுத்தான். சீட்டில் ஒரே வார்த்தை: 'ரியாக்டிவ்'. யாரும் உட்கார வைத்துப் பேசலை. "அவ்ளோதாண்ணே, முடிஞ்சிபோச்சி"ன்னான். மூணு வாரம் வீட்டில் சரியா சாப்பிடலை, யாரிடமும் சொல்லலை.

ரியாக்டிவ் என்றால் அந்தக் கிட் ஏதோ ஒன்றுக்கு எதிர்வினை காட்டியது என்று மட்டுமே அர்த்தம். முதல் டெஸ்ட்டின் வேலை யாரையும் தவறவிடாமல் பிடிப்பது. அதனால சம்பந்தமில்லாத சிலரும் அதில் சிக்குவாங்க. ஒரு கணக்கு போடலாம். 10,000 பேரில் 20 பேருக்குக் கிருமி இருக்குன்னு வச்சுக்குவோம் (இந்தியாவில் வயது வந்தவர்களிடையே ஏறக்குறைய 0.2 சதவீதம்). கிருமி இல்லாதவர்களில் 200 பேருக்கு ஒருத்தரை மட்டும் கிட் தவறாகக் காட்டினாலும் சுமார் 50 பேர். ஆக, ரியாக்டிவ் சீட்டோட நிற்கிற 70 பேரில் 50 பேருக்கு எச்.ஐ.வி. கிடையாது! தொற்று வாய்ப்பு அதிகமுள்ளவர்களிடம் இந்த விகிதம் தலைகீழாகும். அதனால "எனக்கு ஒண்ணும் இருக்காது"ன்னு விட்டுவிடவும் கூடாது.

இதுக்குத்தான் உறுதி செய்யும் சோதனை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் முறைப்படி, அறிகுறி இல்லாத ஒருவருக்கு எச்.ஐ.வி. இருக்குன்னு சொல்ல மூன்று வெவ்வேறு கிட்களும் ரியாக்டிவ் ஆக வேண்டும். ஏன் வெவ்வேறு? ஒரே வகைக் கிட்டை மூணு தடவை போட்டால், முதல் தடவை ஏமாற்றிய அதே எதிர்பொருள் மறுபடியும் ஏமாற்றலாம். இரண்டு ரியாக்டிவ், ஒன்று இல்லை என்றால் முடிவு சொல்லாமல் 14 முதல் 28 நாள் கழித்து மறுபடி பார்க்கணும். 'வெஸ்டர்ன் பிளாட்' செய்தால்தான் உறுதின்னு இன்னும் பலர் நினைக்கிறாங்க. வழக்கமான சோதனையில் அதைக் கைவிடும்படி 2019லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லியாச்சு.

வேடிக்கை என்னன்னா, இந்த ஒழுங்கு சென்னைக்குப் புதுசில்லை. 1986ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்தம் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி.யில் எலிசா போட்டபோது ஆறு மாதிரிகள் ரியாக்டிவ். உடனே அறிவிக்கவில்லை. அந்த ஆறு பேரிடமும் புதிதாக ரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்கு அனுப்பி, வெஸ்டர்ன் பிளாட்டில் உறுதியான பிறகே முடிவு வெளியே வந்தது. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. கண்டுபிடிப்பே இரண்டாவது டெஸ்ட்டுக்குக் காத்திருந்தது. நாற்பது வருஷம் கழிச்சு அதே ஊரில் முதல் டெஸ்ட் சீட்டைத் தீர்ப்பு மாதிரி நீட்டுறாங்க.

புள்ளிராஜாவுக்கு ஒரு நியாயமும் சொல்லணும். அரசின் இலவச ஏ.ஆர்.டி. மருந்து 2004 ஏப்ரலில்தான் தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் முதல் மையங்களில் ஒன்று. 2003ல் "டெஸ்ட் பண்ணிக்கோ"ன்னு சொன்னா, "பண்ணி?"ன்னு ஒருத்தர் கேட்டால் பதில் பலவீனம். இன்னைக்கு அந்தச் சாக்கு இல்லை. 2017 முதல் உறுதியான எல்லாருக்கும் மருந்து உண்டு. அதே வருஷம் இயற்றிய எச்.ஐ.வி. சட்டப்படி, சம்மதமும் ஆலோசனையும் இல்லாமல் சோதனை செய்யக் கூடாது. வேலை கொடுக்க எச்.ஐ.வி. டெஸ்ட்டை நிபந்தனையாக்கவும் கூடாது. ஆனா விளம்பரங்கள் இன்னும் 'வருமா'வைத் தாண்டலை.

பையனை ஸ்டான்லி ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். இலவசம்தான். கதவு வரைக்கும்தான் நான்; உள்ளே அவன் மட்டும். ரிசல்ட் என்னன்னு கேட்காதீங்க, அது அவன் சொந்த விஷயம். வெளியே வந்து, பழைய ஜெயில் ரோட்டில் ஒரு டீ குடிச்சான். "இப்பவாச்சும் என்னான்னு தெரிஞ்சிச்சிண்ணே"ன்னான்.

உங்க கையிலயோ தெரிஞ்சவங்க கையிலயோ அப்படி ஒரு சீட்டு இருந்தால், 1097க்குப் போன் போட்டாலே பக்கத்து மையத்தைச் சொல்வாங்க. அடுத்த டெஸ்ட் முடியும்வரை அந்தச் சீட்டுக்குப் பேர் ரியாக்டிவ். அதுக்கு மேல ஒரு எழுத்துகூட நாமளா சேர்க்க வேண்டாம்.