பாசி வளர்த்தவர்கள் பங்குதாரர்கள் அல்ல

மண்டபம் பக்கம் ‘பெப்சி பாசி’ என்றால் தெரியாதவர்கள் குறைவு. காப்பாஃபைகஸ் என்ற அந்தக் கடல்பாசியின் பூர்வீகம் பிலிப்பைன்ஸ் பக்கம். 1984இல் மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் அதை ஜப்பானிலிருந்து கொண்டுவந்து வளர்த்துப் பார்த்தது. 2000-களின் தொடக்கத்தில் பெப்சிகோ இந்தியா அதைத் தொழிலாக்கியது. 2008இல் அக்வாஅக்ரி என்ற தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொண்டது. ஒரு கம்பெனி ஒரு கடற்கரைக்கு வந்து, தொழில் நடத்தி, கிளம்பிப் போனால் அதன் பொறுப்பு எதுவரை? நம் கம்பெனிச் சட்டத்தை உரசிப் பார்க்க இதைவிடப் பொருத்தமான கல் இந்தக் கரையில் இல்லை.

நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடலாம். நான்கு மூங்கில்களைச் சதுரமாகக் கட்டிய மிதவை. குறுக்கே ஓடும் கயிறுகளில் விதைப்பாசித் துண்டுகள். மீன் கடிக்காதபடி அடியில் ஒரு வலை. 45 நாளில் பாசி அறுவடைக்கு வந்துவிடும். அதனால் ஆளுக்கு 45 மிதவை. நாளுக்கு ஒன்றாக அறுத்து, மணலில் காயவைத்து, மூட்டை கட்டினால் பேசிய விலைக்குக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். அந்த உறுதியை நம்பி வங்கிகள் மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுத்தன. வனத்துறைக்குப் பயந்தபடி தீவோரம் மூழ்கிப் பாசி எடுத்துவந்த பெண்களுக்குக் கரையருகே, இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு வருமானம். இதைச் சுரண்டல் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறவர்கள் அந்தத் தண்ணீரில் நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் வாங்குவது ஒரே கை. விலை சொல்வதும் அதே கை. 2013க்குப் பிறகு கடல் சூடாகி, நோய் கண்டு பாசி மடிந்தபோது விளைச்சல் சரிந்தது. வாங்குவேன் என்ற உறுதி, விளைந்தால்தானே செல்லும்? கடன் குழுவின் பெயரில்தான் இருந்தது. கடலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவின் பவளப்பாறைகள்மேல் இந்தப் பாசி படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பாதிப்பு அவ்வளவு பெரிதல்ல என்று வாதிட்ட விஞ்ஞானிகளும் உண்டு. அந்தச் சண்டை தீர்கிறதோ இல்லையோ, பாறையில் ஒட்டிய பாசியைக் கையால் பிடுங்கி எடுக்கும் வேலை அரசின் வனத்துறை தலையில் விழுந்தது.

இனிச் சட்டம். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 166(2) பிரிவு கேட்க இனிமையானது: இயக்குநர்கள் பங்குதாரர்கள் நலனோடு ஊழியர்கள், சமூகம், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலனையும் பேண வேண்டும். மீறினால் அபராதமும் உண்டு. ஆனால் கம்பெனியின்மீது கூட்டாக வழக்குப் போட வழிசெய்யும் 245ஆம் பிரிவு அந்த உரிமையைப் பங்குதாரர்களுக்கும் வைப்புத்தொகை போட்டவர்களுக்கும் மட்டுமே தருகிறது. மிதவை கட்டிய பெண் இரண்டும் இல்லை. கடமையை எழுதிவிட்டு, கேட்கும் உரிமையை எழுதாமல் விட்ட சட்டம் இது. 135ஆம் பிரிவின் இரண்டு சதவீத சமூகப் பொறுப்புச் செலவு? கம்பெனி தன் வழக்கமான தொழிலில் செய்வது அந்தக் கணக்கில் வராது. செபி 2022-23 முதல் கட்டாயமாக்கிய பொறுப்புடைமை அறிக்கையோ, சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் இருக்கும் பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு மட்டும்தான். இந்தக் கரையில் பாசி வாங்கிய பெப்சிகோ இந்தியாவும் அக்வாஅக்ரியும் பங்குச்சந்தைக்கு வராதவை.

உண்மையில் கம்பெனியின் கையிலிருந்து இந்தக் கரைக்குப் பணம் வாங்கித் தந்தது வேறொரு சட்டம். 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின்படி, சென்னையிலுள்ள தேசிய ஆணையம் ஏற்றுமதிப் பாசியின் மதிப்பில் ஐந்து சதவீதத்தைப் பெப்சிகோவிடம் வசூலித்தது. அந்தத் தொகை பிறகு பாசி வளர்த்த குடும்பங்களுக்குப் பங்கிடப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த பாசிக்கு நம் ஊர் வளத்தின் பங்கு கேட்டது வேடிக்கைதான். அந்தச் சட்டத்திலும் ஓட்டை இருந்தது: ஆணையத்தின் முன்அனுமதி அப்போது வெளிநாட்டுப் பங்கு உள்ள கம்பெனிக்குத்தான் வேண்டியிருந்தது. 2018இல் திவ்யா பார்மசி வழக்கில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம், உள்நாட்டுக் கம்பெனியும் பலனைப் பகிர வேண்டும் என்று அந்த ஓட்டையின் ஒரு பகுதியை அடைத்தது. 2023 திருத்தம் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, வெறும் பண அபராதமாக்கியது. தொழிலுக்கு வசதி என்றார்கள்.

இப்போது தொண்டி அருகே வலமாவூரில் 127 கோடி ரூபாய்த் திட்டத்தில் பல்நோக்குக் கடல்பாசிப் பூங்கா. புதுக் கம்பெனிகள் வரும், வரட்டும். சுரங்கம் தோண்டுகிறவரிடம் மூடும் திட்டத்தையும் அதற்கான பிணைத்தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பாசி வாங்குகிற கம்பெனியிடமும் அப்படி ஒரு தொகையை வைத்துக்கொண்டால், விளைச்சல் பொய்க்கும் ஆண்டின் குழுக் கடனுக்கும், பாறையில் படர்ந்ததைப் பிடுங்கும் கூலிக்கும் அதிலிருந்து எடுக்கலாம். நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பூங்காவில் இடம் ஒதுக்கும் ஒப்பந்தத்தில் மாநில அரசே ஒரு ஷரத்தாகச் சேர்த்துவிட முடியும்.